பிள்ளைகளைப் பிரிக்கவும் மானியம், காயம் ஆற்றவும் மானியம்... கனடா சர்ச்சுகளின் கதையும், நம்மூர் ரேகைச் சட்டமும்!

ராத்திரி பத்தரை மணி. ஒரகடம் ஜங்ஷனில் செகண்ட் ஷிஃப்ட் பஸ்கள் வரிசையாக வந்து நிற்கிற நேரம். ஐ.டி கார்டைக்கூடக் கழற்றாமல் இறங்கும் பெண்களில் பாதிப் பேர் காதில் ஏற்கெனவே போன் இருக்கும். ``சாப்பிட்டியாம்மா?'', ``தம்பி தூங்கிட்டானா?'' திருவண்ணாமலைத் தமிழ், தென்காசித் தமிழ், நடுநடுவே ஒடியா, இந்தி. ஊரை விட்டு வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அந்தப் பத்து நிமிஷ போன் பேசினால்தான் தூக்கமே வரும் என்று.

அப்படி ஒரு ராத்திரியில், எனக்குத் தெரிந்த ஒரு தங்கை போனை நீட்டி ஒரு ரீல் காட்டினாள. ஆரஞ்சு கலர் டி-ஷர்ட் போட்ட கூட்டம், கனடாவில் ஏதோ ஒரு தெருவில் அமைதியாக நடந்து போகிறது. ``அக்கா, இது ஏதோ ஸ்கூல் மேட்டராம். இப்போ சர்ச்சுங்க காசு குடுக்குதாம். பழைய ஸ்கூலுக்கு இப்போ எதுக்குக் காசு?''

ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அவளுக்கு அனுப்பிய வாய்ஸ் நோட்களின் நீளமான வடிவம்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்க. உங்களுக்கு ஆறு வயசு. வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போகிறார்கள். முடியை வெட்டுகிறார்கள். அம்மாகூடப் பேச போன் கிடையாது, பத்து மாசம் பார்க்கவும் முடியாது. பக்கத்துப் படுக்கையில் இருக்கும் உங்க ஊர்ப் பிள்ளையோடு உங்க பாஷையில் ஒரு வார்த்தை பேசினால் அடி. நம்ம ஹாஸ்டலுக்கும் அதுக்கும் இருக்கிற தூரம் அவ்வளவு.

ஆரஞ்சு சட்டை எங்கிருந்து வந்தது?

1973-ல் ஃபில்லிஸ் வெப்ஸ்டாட் என்ற ஆறு வயதுச் சிறுமி, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒரு மிஷன் உறைவிடப் பள்ளிக்குப் போகிறாள். பாட்டி வாங்கிக்கொடுத்த புது ஆரஞ்சு சட்டையைப் போட்டிருக்கிறாள். முதல் நாளே அதைக் கழற்றி வாங்கிவிடுகிறார்கள். திரும்பக் கிடைக்கவே இல்லை. 40 வருஷம் கழித்து, 2013-ல், அவர் இந்தக் கதையைப் பொதுவெளியில் சொன்னார். அதிலிருந்துதான் செப்டம்பர் 30 `ஆரஞ்சு சட்டை தினம்' ஆனது. 2021 முதல் அதே நாள் கனடாவின் தேசிய நினைவு நாள்.

இந்தப் பள்ளிகளை ஆங்கிலத்தில் `ரெசிடென்ஷியல் ஸ்கூல்' என்பார்கள். பேரைக் கேட்டால் நம்மூர் மெட்ரிக் போர்டிங் ஸ்கூல் மாதிரி இருக்கும். ஆனா இதன் வேலை வேறு. பூர்வகுடிப் பிள்ளைகளை அப்பா அம்மாவிடமிருந்து பிரித்து, மொழி, பெயர், வழிபாடு எல்லாவற்றையும் மறக்கடித்து, வெள்ளைக்காரச் சமூகத்துக்கு ஏற்றபடி மாற்றுவது. அரசாங்கம் பணம் கொடுத்தது. கத்தோலிக்கம், ஆங்கிலிக்கன், யுனைடெட், பிரெஸ்பிடேரியன் சர்ச்சுகள் நடத்தின. நூறு வருஷத்துக்கும் மேல் நடந்து, கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990-களின் பிற்பகுதியில். சுமார் 1,50,000 பிள்ளைகள் இவற்றில் இருந்திருக்கிறார்கள். அடி, பட்டினி, பாலியல் கொடுமை எல்லாம் நடந்தது. உண்மை கண்டறிய அமைக்கப்பட்ட ஆணையம் 2015-ல் அறிக்கை கொடுத்தபோது, 3,000-த்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் சாவு ஆவணங்களிலேயே இருந்தது. பல பேருடைய பெயரைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லை.

`தலைக்கு இவ்வளவு' என்ற கணக்கு

நம்ம தங்கையின் கேள்வி காசைப் பற்றியது. அதனால காசுக் கதைக்கே வருவோம். இந்த விவகாரத்தில் `மானியம்' என்ற சொல் புதிதாக வந்ததே இல்லை. ஆரம்பத்திலிருந்தே இருந்தது. திசைதான் வேறு.

1892-ல் கனடா அரசு ஓர் ஆணை போட்டது. பள்ளியை நடத்தும் சர்ச்சுக்கு, ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று தலைக்கணக்கில் மானியம். கேட்க சாதாரணமாக இருக்கிறதல்லவா? விளைவைப் பாருங்க. தொகை குறைவு. செலவைச் சமாளிக்க வேண்டுமானால் ஒரே வழி, நிறைய பிள்ளைகளைச் சேர்ப்பது. உடம்பு சரியில்லாத பிள்ளையையும் சேர்ப்பது. சாப்பாட்டில் கை வைப்பது. வகுப்பு பாதி நாள், மீதி நாள் தோட்டத்திலும் சமையலறையிலும் பிள்ளைகளையே வேலை வாங்குவது.

1907-ல் பீட்டர் பிரைஸ் என்ற அரசு மருத்துவ அதிகாரியே இந்தப் பள்ளிகளைச் சுற்றிப் பார்த்து, நெருக்கடியான, காற்றில்லாத அறைகளில் காசநோய் பிள்ளைகளைக் கொன்றுகொண்டிருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார். அரசு கேட்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, 1922-ல் அதைச் சொந்தமாகப் புத்தகமாகப் போட்டார். அப்பவும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

ஆக, முதல் சுற்று மானியம் அரசாங்கத்திடமிருந்து சர்ச்சுக்குப் போனது. எதற்காக என்றால், பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்து வைப்பதற்காக.

மன்னிப்பு கேட்டாங்க... உடனே ஏற்கப்படல!

1986-ல் கனடாவின் யுனைடெட் சர்ச், சட்பரி நகரில் பூர்வகுடி மக்களிடம் மன்னிப்பு கேட்டது. உங்கள் ஆன்மிகத்தை மதிக்காமல் எங்களுடையதைத் திணித்துவிட்டோம் என்பது அதன் சாரம். பெரியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கேட்டுக்கொண்டார்கள். ஆனால் `ஏற்றுக்கொண்டோம்' என்று சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்து வந்த பதிலும், மன்னிப்பு கேட்டதை அங்கீகரிக்கிறோம், செயலில் காட்டுங்கள் என்ற மாதிரிதான் இருந்தது. அந்த மன்னிப்பின் நினைவாக அங்கே கற்களை அடுக்கி ஒரு கற்குவியல் வைத்திருக்கிறார்கள். அதை வேண்டுமென்றே முடிக்காமல் விட்டிருக்கிறார்கள். எனக்கு இந்தக் கதை முழுவதிலும் மறக்க முடியாத பொருள் அந்தக் கற்குவியல்தான்.

ஆங்கிலிக்கன் சர்ச் 1993-ல் மன்னிப்பு கேட்டது, பிரெஸ்பிடேரியன் சர்ச் 1994-ல். யுனைடெட் சர்ச் பள்ளிகளுக்காகத் தனியாக 1998-ல் இன்னொரு முறை கேட்டது. பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் கேட்டது 2008-ல். போப் பிரான்சிஸ் நேரில் போய், கனடா மண்ணில் நின்று கேட்டது 2022 ஜூலையில். அதற்கு முந்தைய வருஷம், கம்லூப்ஸ் பள்ளி வளாகத்தில் மண்ணுக்கடியில் சுமார் 200 குழந்தைகளின் குழிகளாக இருக்கக்கூடிய தடயங்கள் ரேடாரில் தெரிந்ததாக செய்தி வந்து, உலகமே திரும்பிப் பார்த்திருந்தது.

மன்னிப்போடு சேர்ந்துதான் இரண்டாம் சுற்று மானியம் வந்தது. ஆங்கிலிக்கன் சர்ச்சும் யுனைடெட் சர்ச்சும் 1990-களின் முதல் பாதியிலேயே தனித்தனியாக `ஹீலிங் ஃபண்ட்' தொடங்கின. தமிழில் `ஆற்றுப்படுத்தும் நிதி' என்று வைத்துக்கொள்ளலாம். அரசும் 1998-ல் 35 கோடி டாலரில் ஓர் அறக்கட்டளை அமைத்தது. புது நிதி வராமல் போய் 2014-ல் அதை மூடிவிட்டார்கள். கத்தோலிக்க அமைப்புகளின் கதை கொஞ்சம் கசப்பானது. 2006-ல் முடிவான பெரிய ஒப்பந்தத்தில், 2.5 கோடி டாலர் திரட்ட முயற்சி எடுப்போம் என்று ஒப்புக்கொண்டன. திரண்டது 40 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. 2015-ல் ஒரு நீதிமன்ற முடிவோடு அந்தக் கடமையிலிருந்தே வெளியே வந்துவிட்டன. கம்லூப்ஸ் செய்திக்குப் பிறகு, 2021 செப்டம்பரில், ஐந்து வருஷத்தில் 3 கோடி டாலர் தருவதாக ஆயர்கள் புதிதாக உறுதி சொன்னார்கள்.

அந்தக் காசை வைத்து என்ன செய்கிறார்கள்?

இது நஷ்ட ஈடு கிடையாது. நஷ்ட ஈடு தனி. பள்ளியில் இருந்த ஒவ்வொருவருக்கும் முதல் வருஷத்துக்கு 10,000 டாலர், அடுத்தடுத்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 3,000 டாலர் என்று அரசு தனியாகக் கொடுத்தது. ஹீலிங் ஃபண்ட் தனிநபருக்குப் போவதில்லை, ஒரு சமூகத்துக்கோ குழுவுக்கோ போகிறது. பல திட்டங்களுக்குக் கிடைப்பது சில ஆயிரம் டாலர்கள்தான். கட்டடம் கட்டுகிற அளவுக்கு இல்லை.

அந்தச் சின்னத் தொகையில் நடப்பவைதான் சுவாரஸ்யம். பாட்டிமார்கள் சின்னப் பிள்ளைகளுக்குத் தாய்மொழி சொல்லித்தரும் வகுப்பு. காட்டுக்குள் பத்து நாள் முகாம் போட்டு, மீன் பிடிக்க, தோல் பதப்படுத்தக் கற்றுக்கொடுப்பது. பள்ளியில் இருந்து உயிரோடு வந்தவர்கள் வட்டமாக உட்கார்ந்து, பெத்த பிள்ளைகளிடம்கூடச் சொல்லாததைச் சொல்வது. மேளம், சடங்கு, வியர்வைக் குடில். ஒரு காலத்தில் எந்தச் சடங்கைப் பேய் வழிபாடு என்று இந்த சர்ச்சுகள் தடுத்தனவோ, அதே சடங்குக்கு இன்று அவற்றின் காசு.

அப்புறம், குழந்தை வளர்ப்புப் பயிற்சி. இதைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். ஆறு வயதிலிருந்து பதினாறு வரை வார்டன் கையில் வளர்ந்தவர், அப்பா எப்படிக் கோபப்படுவார், அம்மா எப்படி அணைப்பாள் என்பதைப் பார்த்ததே இல்லை. அவருக்குக் குழந்தை பிறந்தால்? தெரிந்ததைத்தான் செய்வார். அடிப்பார், அல்லது ஒன்றுமே பேசாமல் விலகி நிற்பார், அல்லது குடிப்பார். அந்தப் பிள்ளைக்கு அப்பா மேல் கோபம் இருக்கும், காரணம் தெரியாது. இப்படித்தான் பள்ளிக்கே போகாத தலைமுறைக்கும் பள்ளியின் காயம் வந்து சேர்கிறது. இது ஒரு ஆள் டாக்டரிடம் போய்ச் சரிசெய்யும் விஷயமாக இல்லாமல், ஊரே சேர்ந்து செய்ய வேண்டியதாக இருப்பதற்கும் அதுதான் காரணம்.

முக்கியமான இன்னொரு விஷயம், யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்கும் குழுக்களில் பூர்வகுடி மக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். 2015 ஆணையம் கொடுத்த 94 பரிந்துரைகளில் 61-வது, சர்ச்சுகள் நிரந்தர நிதி வைக்க வேண்டும் என்கிறது. அதில் திரும்பத் திரும்ப வரும் நிபந்தனை, திட்டம் அந்தச் சமூகத்தின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பது. காசு உங்களுடையது, முடிவு எங்களுடையது என்ற ஏற்பாடு.

சரி, நம்மூர்ல இப்படி நடந்துச்சா?

அச்சு அசலாக இல்லை. ஆனால் ரொம்ப தூரத்திலும் இல்லை.

1871-ல் பிரிட்டிஷ் அரசு `குற்றப் பழங்குடிகள் சட்டம்' கொண்டுவந்தது. ஒரு முழு சாதியை, பிறந்த குழந்தை உட்பட, குற்றவாளி என்று அரசிதழில் எழுதிவிடலாம். 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம்ம ஊரில் பெரியவர்கள் இதை ரேகைச் சட்டம் என்பார்கள். ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும், ராத்திரி போலீஸ் ஆஜர் எடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும், ஊரை விட்டுப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். இதை எதிர்த்து 1920 ஏப்ரல் 3 அன்று மதுரைக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூரில் கூடிய பிரமலைக் கள்ளர் மக்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. ஒரு பெண் உட்பட பதினாறுக்கும் குறையாதவர்கள் இறந்தார்கள்.

அந்தச் சட்டத்துக்கு 1897-ல் வந்த திருத்தத்தைத்தான் கனடாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 4 வயதிலிருந்து 18 வயது வரையுள்ள பிள்ளைகளை, திருந்தாத பெற்றோரிடமிருந்து பிரித்து, தனிச் சீர்திருத்தக் குடியிருப்புகளில் வைக்கலாம் என்றது அது. நாலு வயசு!

இங்கேயும் நடத்தும் வேலை மிஷன்களிடம் போனது. இங்கிலாந்தின் சால்வேஷன் ஆர்மியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் பூத்-டக்கர். ஐ.சி.எஸ் வேலையை விட்டுவிட்டு, காவி உடையும் `ஃபக்கீர் சிங்' என்ற பெயருமாகத் திரிந்த மனிதர். குற்றத்தை ஒரு நோய் போலக் குணப்படுத்தலாம் என்று நம்பினார், அதைப் பற்றி எழுதினார். 1913-ல் அன்றைய சென்னை மாகாணத்தில், இன்றைய ஆந்திராவின் பாபட்லாவுக்கும் சீராலாவுக்கும் நடுவில், ஸ்டூவர்ட்புரம் என்ற குடியேற்றம் உருவானது. அரசு நிலமும் பணமும் கொடுத்தது, சால்வேஷன் ஆர்மி நடத்தியது. உள்ளே வைக்கப்பட்டவர்கள் எருகுலர். நம்மூர் குறவர்களோடு உறவுள்ள மக்கள். 2023-ல் ரவி தேஜா நடித்த `டைகர் நாகேஸ்வர ராவ்' பார்த்திருந்தால், அந்த ஊர்தான். படத்தில் திருட்டு தெரியும், அந்த ஊர் எப்படி உருவானது என்பது அந்த அளவுக்கு மனசில் நிற்காது.

இந்த பெல்ட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு தகவல். ஸ்டூவர்ட்புரம் மக்களின் உழைப்பு போன இடங்களில் ஒன்று, சீராலாவில் இருந்த புகையிலை இலைக் கம்பெனி. வரலாற்று ஆய்வாளர் மீனா ராதாகிருஷ்ணா இதை விரிவாக எழுதியிருக்கிறார். வெளியே போக பாஸ் வேண்டிய ஆட்கள் ஒரு ஃபேக்டரிக்குக் கிடைத்தால், அவர்கள் சம்பளம் பேசவா போகிறார்கள்?

சென்னை மாகாணத்தில் இந்தச் சட்டம் 1947-ல் ரத்தானது. நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31-ல். ஆனா அடுத்த கட்டம் கனடா மாதிரி போகவில்லை. ஸ்டூவர்ட்புரத்தில் சுதந்திரத்துக்குப் பிறகு மறுவாழ்வு வேலையை எடுத்துச் செய்தவர்களில் முக்கியமானவர்கள், விஜயவாடா நாத்திக மையத்தைச் சேர்ந்த லவணமும் ஹேமலதா லவணமும். மதம் விட்டுப்போன இடத்தில் நாத்திகர்கள் போய் நின்றார்கள், அவ்வளவுதான். நடத்திய அமைப்பு நிதி போட, அங்கே இருந்தவர்கள் உட்கார்ந்து முடிவு செய்யும் ஒரு ஹீலிங் ஃபண்ட் இங்கே உருவாகவில்லை. அரசின் பங்குக்கு, 2022 பிப்ரவரியில் மத்திய அரசு `சீட்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. கோச்சிங், மருத்துவக் காப்பீடு, தொழில் உதவி, வீடு என்று ஐந்து வருஷத்துக்கு 200 கோடி ரூபாய். இது நாடு முழுக்க உள்ள சீர்மரபினர், நாடோடி மக்கள் அனைவருக்கும் சேர்த்து. அதைக் கேட்க முதலில் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டில் 1979-ல் `சீர்மரபுப் பழங்குடியினர்' என்பதை `சீர்மரபு வகுப்பினர்' என்று மாற்றி, நாற்பது வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 2019-ல்தான் மத்திய அரசுத் திட்டங்களுக்காகப் பழைய பெயரையும் சேர்த்துச் சான்றிதழ் தர ஆணை வந்தது.

அதே 1892, அதே செங்கல்பட்டு

சர்ச் என்றாலே வில்லன் என்று நினைத்துவிடாதீங்க. கனடாவில் தலைக்கணக்கு மானியம் வந்த அதே 1892-ல், நம்ம இடத்தில் வேறொன்று நடந்தது.

அப்போது ஸ்ரீபெரும்புதூர் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அதன் பொறுப்பு கலெக்டர் ட்ரெமென்ஹீர், இங்கே உள்ள பட்டியல் சாதி மக்கள் குடியிருக்கும் மனைக்கூடச் சொந்தமில்லாமல், தலைமுறைக் கடனில் பண்ணையாளாக இருப்பதை விரிவாக எழுதி மேலே அனுப்பினார். இந்தப் பக்கத்தில் வேலை செய்த மெதடிஸ்ட், ஸ்காட்லாந்து மிஷனரிகள் நிலம் கொடுங்கள் என்று அரசை விடாமல் நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். அதன் விளைவுதான் பஞ்சமி நிலம். அந்த அரசாணையின் தேதி, 1892 செப்டம்பர் 30. ஆரஞ்சு சட்டை தினம்! தற்செயல்தான், ஆனாலும் எனக்குச் சிலிர்த்தது.

பத்து வருஷம் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் பட்டியல் சாதியினருக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனை இருந்தும், அந்த நிலத்தில் எவ்வளவோ கைமாறிப் போனது. 1994-ல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் காரணை கிராமத்தில் அதை மீட்கப் போராடியபோது, செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். சதுர அடிக்கு விலை ஏறிக்கொண்டே போகிற நம்ம பெல்ட்டில், காயம் ஆறுவது என்ற பேச்சு கடைசியில் நிலத்தில் வந்துதான் நிற்கும்.

ஏரிக்கரையில் இருப்பவர்கள்

வல்லம் வடகால், ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கம் பஸ்ஸில் போகும்போது, கம்பெனி காம்பவுண்டுகளுக்கு நடுவே ஏரிக்கரையில் தார்ப்பாய் போட்ட நாலைந்து குடிசைகள் கண்ணில் பட்டிருக்கலாம். இந்த மாவட்டங்களில் அப்படி வாழ்பவர்களில் பலர் இருளர். எலி பிடிப்பது, பாம்பு பிடிப்பது, ஏரியில் மீன் பிடிப்பது, பச்சிலை மருத்துவம் எல்லாம் அவர்களுடைய பழைய அறிவு. அரசுக் கணக்கில் தமிழ்நாட்டின் ஆறு `மிகவும் நலிவுற்ற பழங்குடி' சமூகங்களில் ஒன்று.

`ஜெய் பீம்' படத்தில் காட்டியது இருளர் குடும்பத்தை. 1993-ல் கடலூர்ப் பகுதியில் நிஜமாக போலீஸ் காவலில் இறந்தவர் குறவர் சமூகத்தவர். ரெண்டு சமூகத்துக்கும் பொதுவானது, எங்கே திருட்டு நடந்தாலும் முதலில் இவர்கள் வீட்டுக் கதவைத் தட்டும் பழக்கம். அதாவது, ரேகைச் சட்டம் பேப்பரில் போனது, கையில் போகவில்லை.

பிள்ளைகளை யாரும் சட்டம் போட்டுப் பிரிக்கவில்லைதான். ஆனால் அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் மரம் வெட்டும் இடத்திலும் முன்பணத்துக்குக் குடும்பத்தோடு மாட்டிக்கொண்டால், பிள்ளைக்குப் பள்ளி எங்கே இருக்கும்? 2019 ஜூலையில் காஞ்சிபுரத்திலும் ராணிப்பேட்டை பக்கத்திலும் மரம் வெட்டும் இடங்களிலிருந்து குழந்தைகள் உட்பட 42 பேர் மீட்கப்பட்டார்கள். ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழும் அந்தப் போட்டோவை நீங்களும் ஷேர் செய்திருப்பீங்க. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல்.

மீட்கப்பட்டவர்களுக்கு அரசு உதவி உண்டு. 2016 திட்டப்படி சூழலைப் பொறுத்து 1 லட்சம், 2 லட்சம், 3 லட்சம். ஆனால் விடுவிப்புச் சான்றிதழ் கையில் வேண்டும், பெரிய தொகையை வழக்கின் முடிவோடு முடிச்சு போட்டு வைத்திருந்தார்கள். காசு தனித்தனி ஆளுக்கு வருகிறது. ஒரு சமூகமாக உட்கார்ந்து `எங்களுக்கு என்ன நடந்துச்சு, இனி என்ன வேணும்' என்று பேசுவதற்கு அதில் தலைப்பே கிடையாது.

நம்ம பெல்ட்டின் மானியம் எது?

இந்த இடத்தில் மானியம் கொடுக்கும் பெரிய கை சர்ச் இல்லை, கம்பெனிதான். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ விற்பனையோ லாபமோ உள்ள நிறுவனங்கள், கடந்த மூணு வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆலை இருக்கும் சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. சி.எஸ்.ஆர் என்று பேனரில் பார்ப்பது இதைத்தான்.

சர்ச்சுகளையும் கம்பெனிகளையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. இங்கே யாரும் யாரிடமும் மன்னிப்பு கேட்க வேண்டிய கணக்கு இது இல்லை. ஆனால் கனடாவில் முப்பது வருஷமாகப் பட்டுத் தெரிந்துகொண்ட ஒன்று இங்கேயும் பொருந்தும்: யார் முடிவெடுக்கிறார்கள்? சி.எஸ்.ஆர் கமிட்டியில் சட்டப்படி உட்காருவது கம்பெனி இயக்குநர்கள். அவர்களுக்கு நோட்டுப் புத்தகம், ஸ்மார்ட் கிளாஸ், டாய்லெட் கட்டடம் எல்லாம் எளிது. போட்டோவும் நன்றாக வரும். ஏரிக்கரைக் குடும்பத்தைக் கேட்டால் முதலில் வரும் பதில் பெரும்பாலும் வேறாக இருக்கும். மனைப்பட்டா. ஆர்.டி.ஓ கையெழுத்து போட்ட எஸ்.டி சாதிச் சான்றிதழ். அது இல்லாமல் பிள்ளையால் ஸ்காலர்ஷிப்போ இட ஒதுக்கீடோ கேட்க முடியாது. இதைக் கம்பெனியால் கொடுக்க முடியாது. ஆனால் அதற்காக ஆபீஸ் ஆபீஸாக அலையும் ஆளுக்குப் பஸ் காசும், வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலியும், மனு எழுதிக்கொடுக்க ஒரு வக்கீலும் கொடுக்க முடியும். கனடாவின் சின்ன மானியங்கள் செய்வது ஏறக்குறைய இந்த மாதிரி வேலைதான்.

இருளர்களே முடிவெடுக்கும் ஏற்பாடு இங்கே இல்லாமல் இல்லை. ஒரகடத்திலிருந்து ஈ.சி.ஆர் பக்கம் போனால் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்புத் தோல் வியாபாரம் தடைபட்டுப் பிழைப்பு போனபோது, பாம்பு நிபுணர் ரோமுலஸ் விட்டேக்கரின் உதவியோடு 1978-ல் தொடங்கியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலையும் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த விஷம்தான் நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளில் பாம்புக்கடி மருந்தாகிறது. திருடன் என்று பார்க்கப்பட்ட சமூகத்தின் பழைய அறிவுக்குச் சம்பளம் கிடைத்த இடம். வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்கள் 2023-ல் பத்மஸ்ரீ வாங்கினார்கள்.

இதையெல்லாம் வாய்ஸ் நோட்டில் சொல்லி முடித்து ரெண்டு நாள் கழித்துத்தான் அந்தத் தங்கையிடமிருந்து பதில் வந்தது. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் மாறியிருந்தாளாம்.

``அக்கா, எங்க கம்பெனியில போன மாசம் பக்கத்து ஊருக்கு ஸ்கூல் பேக் குடுத்தாங்க. நானும் வாலன்டியரா போயிருந்தேன். அந்த ஏரிக்கரை வீட்டுப் பசங்க தள்ளி நின்னு பார்த்துட்டு இருந்தாங்க. லிஸ்ட்ல அவங்க பேர் இல்லைன்னு சொன்னாங்க, சரின்னு வந்துட்டேன். அந்த லிஸ்ட்டை யார் எழுதுறாங்கன்னு ஹெச்.ஆர்-கிட்ட கேக்கட்டுமா?''

கேளு என்று டைப் செய்து அனுப்பினேன்.